விளக்கச் சீட்டை எழுதும் உரிமை
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் நிகழ்த்திய உரை)

 

பள்ளிக்குள் காலெடுத்து வைப்பதே போராட்டமாக இருந்த தலைமுறை நம் பாட்டன்மார் தலைமுறை. வகுப்பறையின் கடைசி வரிசையில் தனித்து உட்கார வைக்கப்பட்ட தலைமுறை நம் தந்தையர் தலைமுறை. இன்று நம் பிள்ளைகள் முன் வரிசையில் அமர்ந்து படிக்கிறார்கள் எனில், அதன் பின்னே இத்தகைய கழகங்களின் உழைப்பு உண்டு. நோட்டுப் புத்தகம் வழங்கியது, மாலைப் படிப்பகம் நடத்தியது, தேர்வுக் கட்டணம் செலுத்தியது ஆகியவற்றை ஆண்டறிக்கை கூறும். நாம் இங்கே கூற விரும்புவது வேறொன்று. படிக்க இடம் கிடைத்த பின், நம் பிள்ளைகள் எதைப் படிக்க வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும் என்பது பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

எம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர் 14 பேர் சேர்ந்து ஒரு பணியை மேற்கொண்டனர். உலகப் பண்பாடுகளுள் ஒன்றைத் தேர்ந்து, அதனை ஆராய்ந்து, மெய்நிகர் அருங்காட்சியகம் ஒன்றை அமைப்பது அப்பணி. மெய்நிகர் என்றால் கட்டடமும் கண்ணாடிப் பேழையும் இன்றிக் கணினித் திரையிலேயே அமைந்த காட்சிக்கூடம். ஸ்லைடு எனப்படும் காட்சிப் பக்கம் ஒவ்வொன்றும் ஓர் அறை. அறைக்குள் பொருள்களின் படங்கள். படத்தைத் தொட்டால் அதற்குரிய விளக்கச் சீட்டு திறக்கும். ஒரு பைசா செலவின்றிப் பள்ளியின் கணினி அறையிலேயே இதனைச் செய்ய முடிந்தது. செலவான பொருள் சிந்தனை ஒன்றே.

அவர்கள் தேர்ந்தது மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் பேரரசு. ‘நம் ஊர்ப் பிள்ளைக்கு ஆப்பிரிக்கா எதற்கு? தேர்வுக்கு வருமா? வேலைக்கு உதவுமா?’ என்று பெற்றோர் சிலர் கேட்டனர். நியாயமான கேள்வி. வயலிலும் கட்டட வேலையிலும் உடல் நோக உழைத்துப் படிக்க வைப்பவர் அவ்வாறு கேட்கத்தான் செய்வார். அவர்களுக்கு நாம் சொன்ன விடை இது. மகாத்மா ஜோதிராவ் பூலே 1873 இல் ‘குலாம்கிரி’ என்னும் நூலை வெளியிட்டபோது, கறுப்பின மக்களின் அடிமை விலங்கை ஒடிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதனைக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946 இல் கறுப்பினப் பேரறிஞர் டுபாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதித் தொடர்பு கொண்டார். 1972 இல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கம், அமெரிக்காவின் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்தே தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டது. ஒடுக்கப்பட்டோர் தம் துன்பத்தை அளந்தறியப் பிற மக்களின் வரலாற்றை அளவுகோலாகக் கொள்வது நம் தலைவர்கள் காட்டிய வழியே.

இனிப் பெனின் பேரரசைக் காண்போம். ஆப்பிரிக்க வரைபடத்தில் இன்று பெனின் என்றொரு குடியரசு உண்டு. அது 1975 வரை தஹோமி என்று வழங்கிய நாடு. நாம் பேசும் பேரரசு அதுவன்று. இன்றைய நைஜீரியாவின் எடோ மாநிலத்தில், பெனின் நகரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த எடோ மக்களின் அரசு. மாணவர்களின் முதல் தேடலே இந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்பதில்தான் தொடங்கிற்று. முதல் அறையின் வாயிலிலேயே அவ்வேறுபாட்டை எழுதி வைத்தனர்.

எடோ மக்களின் மன்னர் ஓபா எனப்படுவார். அவரது அரண்மனையின் தூண்களை உலோகத் தகடுகள் அணி செய்தன. படைவீரர், அவை அதிகாரிகள், இசைவாணர், போர்ச்சுகீசிய வணிகர் எனப் பல உருவங்கள் அத்தகடுகளில் புடைத்து நிற்கும். அவற்றுள் பெரும்பாலானவை 16, 17 ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. உலகம் அவற்றைப் பெனின் வெண்கலங்கள் என்று அழைத்தாலும் பெரும்பகுதி பித்தளையே.

வார்ப்பு முறை நமக்கும் அறிமுகமானதே. மெழுகால் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவர். சுவாமிமலைச் சிற்பிகள் கையாளுவதும் மெழுகு வார்ப்பே. சுவாமிமலைப் படிமங்கள் பெரும்பாலும் கனமாக வார்க்கப்படுவன. பெனின் தலை உருவங்களோ உள்ளே களிமண் கருவை வைத்து, மேலே மெல்லிய மெழுகுப் படலம் அமைத்துக் கூடாக வார்க்கப்பட்டவை. இதைக் கொண்டு ஒருவர் மற்றவரிடம் கற்றார் என்று முடிவு கட்டலாகாது. மனித அறிவு பல இடங்களில் முளைக்கும் என்பதே இங்குப் பெறத்தக்க பாடம்.

1897 ஆம் ஆண்டு பெனின் வரலாற்றில் இருள் சூழ்ந்த ஆண்டு. சடங்குக் காலமாதலால் இப்போது வர வேண்டாம் என்று ஓபாவின் தரப்பில் சொல்லப்பட்டும், பிலிப்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி சனவரி மாதத்தில் ஒரு குழுவுடன் பெனின் நோக்கிச் சென்றார். வழியில் அக்குழு தாக்கப்பட்டது. பிலிப்சும் பெரும்பாலோரும் கொல்லப்பட்டனர். அடுத்த மாதமே ஏறத்தாழ 1,200 பேர் கொண்ட பிரிட்டிஷ் படை நகரத்தைக் கைப்பற்றியது. நகரமும் அரண்மனையும் தீக்கிரையாயின. ஓபா ஒவோன்ராம்வென் கலபாருக்கு நாடு கடத்தப்பட்டு, 1914 இல் அங்கேயே உயிர் நீத்தார். அரண்மனையிலிருந்த பித்தளை, யானைத் தந்தப் பொருள்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறின. படையெடுப்பின் செலவை ஈடுகட்டவென்றே அவற்றுள் ஒரு பகுதி இலண்டனில் விற்கப்பட்டது.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இப்பொருள்களைக் கண்ட ஐரோப்பிய அறிஞர் சிலர், இத்தனை நுட்பமான வேலையை ஆப்பிரிக்கர் தாமே செய்திருக்க முடியாது என்று எண்ணினர். போர்ச்சுகீசியர் கற்றுக் கொடுத்திருப்பர் என்றனர். எகிப்திலிருந்து வந்திருக்கும் என்றனர். பொருளை எடுத்துச் சென்றவர், பொருளைச் செய்தவனின் திறமையையும் உடன் எடுத்துச் செல்லப் பார்த்தனர். ‘உனக்கு இது எப்படித் தெரியும்? யார் எழுதிக் கொடுத்தது?’ என்று நன்கு படிக்கும் நம் பிள்ளையைப் பார்த்துக் கேட்பவர் இன்றும் உளரல்லவா? அக்கேள்வியின் வயதும் வலியும் நம் மாணவர்க்கு அன்று விளங்கின.

பெனின் பொருள்கள் இன்று பல நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மட்டும் 900க்கு மேற்பட்டவை உள்ளன. தன் பாட்டன் செய்த பொருளைக் காண எடோ இளைஞன் ஒருவன் எத்தனை கடவுச்சீட்டுகளுக்கும் விசாக்களுக்கும் அலைய வேண்டும்! இக்குறையைப் போக்கும் முயற்சியாக, 2022 நவம்பரில் ‘டிஜிட்டல் பெனின்’ என்னும் மெய்நிகர்த் தொகுப்பு வெளியிடப்பட்டது. 20 நாடுகளிலுள்ள 131 நிறுவனங்களின் கையிருப்பிலிருந்து 5,246 பொருள்களின் விவரங்களை அது ஒரே இடத்தில் கொண்டு வந்தது. பொருள்களுக்குரிய எடோ மொழிப் பெயர்களும், எடோ பெரியோர் கூறிய வாய்மொழிச் செய்திகளும் அதில் இடம் பெற்றன. எம் மாணவர்கள் இதிலிருந்தும், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 இல் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்ட படங்களிலிருந்தும் செய்திகளையும் படங்களையும் திரட்டினர். உரிமம் தெளிவாக இல்லாத படங்களை எடுக்காமல், பார்த்துத் தம் கையாலேயே வரைந்து சேர்த்தனர். பிறர் பொருளை எடுத்துச் சென்ற வரலாற்றை எழுதுவோர், பிறர் படத்தைக் கேளாமல் எடுத்தல் தகாதன்றோ?

அருங்காட்சியகம் ஐந்து அறைகளாக அமைந்தது. நாடும் மக்களும் முதல் அறை. வார்ப்புத் தொழில் இரண்டாம் அறை. அரண்மனை மூன்றாம் அறை. 1897 நான்காம் அறை. திரும்பி வருதல் ஐந்தாம் அறை. ஒவ்வொரு விளக்கச் சீட்டும் நான்கு வினாக்களுக்கு விடை கூற வேண்டும் என்பது விதி. இதைச் செய்தவர் யார்? பயன்படுத்தியவர் யார்? இப்போது இருக்கும் இடத்திற்கு எப்படி வந்தது? இதைப் பற்றி இதுவரை எழுதியவர் யார்? இந்நான்கும் எளிய வினாக்களாகத் தோன்றும். எழுத உட்கார்ந்தபோது மூன்று இடங்களில் மாணவர்களுக்குள் கடும் வாதம் மூண்டது. அவ்வாதங்களே இப்பணியின் உண்மையான பயன் என்று நாம் கருதுகிறோம்.

முதல் வாதம் ஒரு வினைச்சொல்லைப் பற்றியது. அரசி இடியாவின் தந்த முகமூடிக்குச் சீட்டு எழுத வேண்டும். 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ஓபா எசிகியேயின் தாய் இடியா. அம்முகமூடி 1897 இல் ‘பெறப்பட்டது’ என்று ஒருவர் எழுதினார். ‘கொண்டு செல்லப்பட்டது’ என்றார் இன்னொருவர். ‘ஐயா, நம் வீட்டுப் பொருளை ஒருவன் அடித்துப் பிடுங்கிப் போனால், அதைப் பெற்றுக்கொண்டான் என்றா சொல்வோம்?’ என்று கேட்டாள் ஒரு மாணவி. ‘கொள்ளையாக எடுக்கப்பட்டது’ என்று முடிவாயிற்று. 1977 இல் லாகோசில் நடந்த ஆப்பிரிக்கக் கலை பண்பாட்டுப் பெருவிழாவுக்கு இம்முகமூடியே சின்னமாக இருந்ததையும், விழாவுக்காக அதனை இரவலாகத் தருமாறு நைஜீரியா கேட்டபோது பிரிட்டிஷ் அருங்காட்சியகம் மறுத்துவிட்டதையும் அதே சீட்டில் சேர்த்தனர்.

இரண்டாம் வாதம் பெயரைப் பற்றியது. ஓபாக்களின் பெயர் உண்டு, அரசியின் பெயர் உண்டு, கொள்ளையடித்த படைத்தலைவரின் பெயரும் உண்டு. வார்த்த தொழிலாளியின் பெயர் எங்கே? இவ்வினாவை எழுப்பியவன் கொத்தனாரின் மகன். தந்தை கட்டிய கட்டடங்களின் கல்வெட்டுகளில் தந்தையின் பெயரைக் காணாதவன். தேடியதில் ஒரு பெயர் கிடைத்தது. வார்ப்புக் கலையைப் பெனினுக்குக் கொணர்ந்தவராக எடோ வாய்மொழி மரபு இகுவேகே என்பவரைப் போற்றுகிறது. பெனின் நகரத்தின் இகுன் வீதியில் வார்ப்புக் குடியினர் இன்றும் அத்தொழிலைச் செய்து வருகின்றனர். இரண்டாம் அறையின் முதல் சீட்டு இகுவேகேவுக்கு உரியதாயிற்று. பெயர் கிடைக்காத பொருள்களில் ‘செய்தவர்: இகுன் வார்ப்புக் குடியினர்; பெயர் பதியப்படவில்லை’ என்று எழுதினர். வெற்றிடத்தையும் எழுத வேண்டும் என்று அவர்கள் கற்றுக்கொண்டனர்.

மூன்றாம் வாதமே கடினமானது. அத்தனை பித்தளை பெனினுக்கு எங்கிருந்து வந்தது? மணில்லா என்னும் வளையவடிவ நாணயங்களை ஐரோப்பியர் கப்பல் கப்பலாகக் கொண்டு வந்து, மிளகு, தந்தம் முதலியவற்றோடு மனிதரையும் விலைக்கு வாங்கினர். வார்ப்புக்குரிய உலோகத்தின் பெரும்பகுதி ஜெர்மனியின் ரைன்லாந்துப் பகுதித் தாதுவிலிருந்து செய்த மணில்லாக்கள் வழி வந்தது என்று 2023 இல் வெளியான ஆய்வு காட்டியது. 16 ஆம் நூற்றாண்டில் ஆண் அடிமைகளின் விற்பனையைப் பெனின் அரசு ஒரு காலத்தில் தடுத்து நிறுத்தியதும் உண்டு. எனினும் அடிமை வாணிகத்தின் கறை அப்பித்தளையில் படிந்திருப்பதை மறுக்க முடியாது. அடிமைகளாய் விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் சிலர், ‘எம் முன்னோரின் விலையல்லவா இது? எமக்கும் பங்கில்லையா?’ என்று கேட்டு 2022 இல் அமெரிக்காவில் நீதிமன்றத்தையும் நாடினர்.

‘இதை எழுதினால் கொள்ளையடித்தவருக்குச் சாதகமாகிவிடும், விட்டுவிடுவோம்’ என்றனர் சிலர். ‘அரண்மனைக்குத்தான் பொருள் திரும்ப வேண்டுமா? விற்கப்பட்டவன் கதையை யார் எழுதுவது?’ என்றனர் வேறு சிலர். இரண்டு நாள் வாதிட்டு, எழுதுவதென்று முடிவு செய்தனர். கொள்ளை கொள்ளையே; அடிமை வாணிகமும் கொடுமையே; ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் அறமன்று என்பது அவர்கள் கண்ட முடிவு. அரசர்களின் பொற்காலத்தைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், அப்பொற்காலத்தில் சேரியில் இருந்தவர் யார் என்று கேட்கக் கற்ற சமுதாயம் நம்முடையது. அக்கேள்வியை நம் ஊருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிறருக்கு வழங்காமல் இருப்பது முறையோ?

அன்பர்களே, இப்போது சற்று நம் பக்கம் திரும்புவோம். பெனின் எரிந்த அதே காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தில் நடந்தது என்ன? எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் 1885 முதல் அதன் கண்காணிப்பாளராக இருந்தார். பொருள்களைச் சேர்த்ததோடு அவர் நிற்கவில்லை. பல சாதி மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்து பட்டியலிட்டார். ரங்காச்சாரியின் துணையோடு 1909 இல் ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ என்று ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அங்கே பெனின் மக்களின் பொருளுக்குப் பிறர் சீட்டு எழுதினர். இங்கே நம் முன்னோரின் உடம்புக்கே பிறர் சீட்டு எழுதினர். அவர்களின் மூக்கு அளக்கப்பட்டது. அவர்களின் கருத்து கேட்கப்படவில்லை.

ஆயினும் நம்மவர் வாய்மூடிக் கிடக்கவில்லை. இழிசொல்லாக எறியப்பட்ட பெயரையே தலைப்பாக ஏந்தி, இரட்டைமலை சீனிவாசன் 1893 இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907 இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கி, நாம் யார் என்பதை நாமே எழுதினார். எடோ மக்களிடையேயும் 1930களில் ஜேக்கப் எகாரெவ்பா என்பவர் பெரியோரிடம் கேட்டறிந்து தம் மக்களின் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். விளக்கச் சீட்டை எழுதும் உரிமையை மீட்ட முன்னோடிகள் இவர்கள்.

எம் மாணவர்கள் அடுத்து நம் தெருவைப் பற்றியே ஒரு மெய்நிகர் அருங்காட்சியகம் அமைக்க விழைகின்றனர். முறம், அரிவாள், ஏற்றச் சால், முதன்முதல் பள்ளி இறுதித் தேர்வில் தேறியவரின் சான்றிதழ், குடிநீர்க் கிணற்றுக்காக எழுதிய மனுவின் படி ஆகியவற்றைச் சேர்க்க எண்ணியுள்ளனர். இங்கேயும் ஒரு வாதம் கிளம்பிவிட்டது. பறையை வைப்பதா, வேண்டாவா?

பெரியவர் சிலர் வேண்டா என்கின்றனர். ‘சாவு வீட்டில் அடிக்கமாட்டோம் என்று சொல்லி உதை வாங்கியவர்கள் நாங்கள். தூக்கி எறிந்ததை நீங்கள் படம் பிடித்து மாட்டுவதா?’ என்பது அவர்கள் வினா. இளைஞரோ, அது நம் கலை, மேடையில் பெருமையோடு முழக்குகிறோம் என்கின்றனர். இரண்டும் உண்மையே. இதற்கு விடை பெனின் அறையிலேயே இருக்கிறது. கட்டாயப்படுத்தி அடிக்க வைத்த காலத்தையும் எழுதுக. மறுத்து நின்ற நாளையும், மறுத்தவர் பெயரையும் எழுதுக. மேடையேறிய நாளையும் எழுதுக. தோலை இழுத்துக் கட்டி, நெருப்பில் காய்ச்சி, ஒலியைக் கூட்டும் நுட்பத்தையும் எழுதுக. ஒரே பொருளுக்கு மூன்று தலைமுறை எழுதிய மூன்று சீட்டுகள் அருகருகே இருக்கட்டும். மறுத்த பெரியவர் இசைந்து தம் வாயால் சொன்ன பிறகே அது திரையேற வேண்டும். அவர் இசையாவிடில் இடத்தைக் காலியாக விட்டு, காரணத்தை எழுதி வைப்போம். பிறர் நமக்குச் செய்ததை நாம் நம் பெரியோருக்குச் செய்தல் ஆகாது.

எழுதுவதால் என்ன நடந்துவிடும் என்று சோர்வடைய வேண்டா. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜீசஸ் கல்லூரியில் பெனின் சேவல் உருவம் ஒன்று இருந்தது. அதனைத் திருப்பித் தர வேண்டும் என்று 2016 இல் குரல் எழுப்பியவர்கள் அக்கல்லூரி மாணவர்கள். 2021 அக்டோபரில் கல்லூரி அதனை நைஜீரியாவிடம் ஒப்படைத்தது. 2022 இல் ஜெர்மனி ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றித் தர உடன்பட்டது. 2025 இல் நெதர்லாந்து 119 பொருள்களைத் திருப்பி அளித்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1963 ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி இன்னும் தயங்கி நிற்கிறது. 1897 இல் போனவை பெருமளவில் திரும்பத் தொடங்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவரை எடோ மக்கள் கணக்கை மறக்கவில்லை, பெயர்களை மறக்கவில்லை. மறவாதவர்க்கே திரும்பக் கிடைக்கும்.

கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோளும், இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோளும் வைத்து அமைகின்றோம். கழகம் தன் மாலைப் படிப்பகத்தில் வாரம் ஒரு மணி நேரத்தை இப்பணிக்கு ஒதுக்க வேண்டும். பிள்ளைகள் பேசவும் வாதிடவும் அந்த நேரம் அவர்களுக்கே உரியதாக வேண்டும். இளைஞர்களே, நீங்கள் ஒவ்வொருவரும் இவ்வாண்டு ஒரு முதியவரிடம் அமர்ந்து, ஒரு பொருளைப் பற்றிக் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வாருங்கள். கைப்பேசியில் குரலையும் பதிவு செய்யுங்கள். அவர் பெயரையும் நாளையும் மறவாமல் குறியுங்கள். நம் பெரியோர் பலர் எழுத்தறியாதவர். அவர்கள் மறைந்தால் அவர்களோடு ஒரு நூலகமே மறையும்.

நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய சீட்டுகளைக் கிழித்தெறிவது ஒரு தலைமுறையின் வேலையாக இருந்தது. அவ்வேலையை அவர்கள் செய்து முடித்துத் தந்திருக்கிறார்கள். காலியான அவ்விடத்தில் உண்மையை, நமக்கு இனிக்கும் உண்மையையும் கசக்கும் உண்மையையும் சேர்த்தே, நம் கையால் எழுதுவது உங்கள் தலைமுறையின் வேலை. எழுதுங்கள்.

கழகம் நீடு வாழ்க! கல்வி ஓங்குக!